அத்தியாயம் 5: செமோரிலிருந்து பேராக் கடற்கரைக்கு இரண்டு நாள் கார் பயணம்

செமோரில் கடல் இல்லை. சுண்ணாம்பு மலையும் பழைய தோட்டங்களும் அவற்றின் மேல் எழுந்த தாமான்களும்தான் உண்டு. ஆனால் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் லுமுட்டில் கடற்காற்று வாங்கலாம். லுமுட்டிலிருந்து வடக்கே திரும்பி, செகாரி, பந்தாய் ரெமிஸ், கோல செபெத்தாங் என்று கடலோர ஊர்களைத் தொட்டுச் சென்று, தைப்பிங், கோலகங்சார், சுங்கை சிப்புட் வழியாகச் செமோருக்கே வந்து சேரலாம். முழு வட்டமும் ஏறத்தாழ 300 கி.மீ. அதை நீங்களே திட்டமிட்டு ஓட்டிவிட்டு வர இந்த அத்தியாயம் உதவும்.

## முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பேராக் கடற்கரையில் கடலைப் பார்த்தபடியே மணிக்கணக்கில் ஓட்டும் சாலை கிடையாது. கரையின் பெரும்பகுதி சதுப்புநிலக் காடு. அதனால் பெரிய சாலை சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, செம்பனைக்கு நடுவே போகிறது. அதிலிருந்து சின்னச் சாலைகள் கடலை நோக்கிப் பிரிகின்றன. மீன் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுமுள் பெரிய சாலை, பக்க முள்ளின் நுனியில்தான் கடல்.

ஆகவே சாலையை முதலில் தேர்ந்துவிட்டு நிறுத்தங்களைத் தேடாதீர்கள். நிறுத்தங்களை முதலில் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கடல் எந்த நேரத்தில் ஒத்துவரும் என்று பாருங்கள். சாலை தானாக அமைந்துவிடும்.

## திட்டமிடும் வரிசை

1. திசையைத் தீர்மானியுங்கள். தெற்கிலிருந்து வடக்காக, அதாவது முதலில் லுமுட், பிறகு கோல செபெத்தாங் என்று போங்கள். இந்த நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வடக்கு நோக்கிப் போகையில் கடலும் இடப்பக்கம்தான். கடலுக்குப் பிரியும் பெரும்பாலான திருப்பங்கள் இடத் திருப்பமாகவே அமையும். எதிரே வரும் செம்பனை லாரிகளுக்குக் குறுக்கே வெட்டித் திரும்ப வேண்டிய நிலை குறையும்.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் லுமுட் நிரம்பி வழியும். சீனப் புத்தாண்டின்போது சித்தியவானிலும் கோல செபெத்தாங்கிலும் பல கடைகள் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் மலாய்க் கடைகள் பகலில் திறப்பதில்லை. மாசி மகத்தின்போது பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் பக்தர் கூட்டம் பெருகும். திருவிழாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தங்கும் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

3. கடலின் ஏற்ற வற்ற நேரத்தைக் குறியுங்கள். பலரும் தாண்டிப்போகும் படி இது. மலாக்கா நீரிணையின் இந்தக் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். லுமுட்டுக்கான அட்டவணையைக் கைப்பேசியில் பார்த்து முதல் நாளின் ஒரு நேரத்தை எடுத்துக்கொண்டால் மற்றவற்றை நீங்களே கணக்கிடலாம்.

*எடுத்துக்காட்டு:* சனிக்கிழமை காலை 10.00 மணிக்கு ஏற்றம் என்றால், மாலை 4.15 வாக்கில் வற்றம். ஞாயிறு காலை 10.50 வாக்கில் மறுபடி ஏற்றம்.

4. சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக வற்றும். அஷ்டமியை ஒட்டி இந்த வேறுபாடு குறையும். மின்மினி பார்க்க ஆசை இருந்தால் அமாவாசைப் பக்கம் போங்கள். நிலவு வெளிச்சத்தில் மின்மினி எடுபடாது.

5. நிறுத்தங்களை இரண்டாகப் பிரியுங்கள். நேரம் மாற்ற முடியாதவை ஒரு பக்கம்: படகு, மின்மினி, சூரிய அஸ்தமனம். எப்போது போனாலும் பரவாயில்லை என்பவை மறுபக்கம்: அருங்காட்சியகம், சாப்பாடு, கோயில். முதல் வகையைத் தாளில் முதலில் எழுதுங்கள். நாளொன்றுக்கு அப்படி இரண்டுக்கு மேல் வேண்டாம்.

6. ஓட்டும் நேரத்தைக் கணக்கிடுங்கள். கைப்பேசி வரைபடம் காட்டும் நேரத்துடன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். லாரிக்குப் பின்னால் ஊர்வதும், கழிவறைக்கு நிற்பதும், பிள்ளைகள் இறங்கி ஏறுவதும் அதில் அடங்கும்.

7. பெட்ரோல் கணக்கு. லிட்டருக்கு 14 கி.மீ. ஓடும் கார் என்றால் முழு வட்டத்துக்கு 21, 22 லிட்டர் ஆகும். கிளம்பும்போது செமோரிலேயே தொட்டியை நிரப்புங்கள். இரண்டாம் நாள் பந்தாய் ரெமிஸில் முள்ளைப் பார்த்து, பாதிக்குக் கீழே இருந்தால் அங்கேயே நிரப்பிவிடுங்கள்.

## முதல் நாள்: செமோர் முதல் லுமுட் வரை (ஏறத்தாழ 100 கி.மீ.)

1. காலை 7.00, செமோர். பழைய சாலையில் தெற்கே இறங்கி ஜெலாப்பாங் போங்கள். ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை அங்கேதான் தொடங்கி ஜொகூர் ஸ்கூடாய் வரை போகிறது. ஈப்போ நகருக்குள் நுழைய வேண்டாம். லுமுட் என்று காட்டும் பலகைகளைப் பின்பற்றினால் போதும்.

2. காலை 8.15, ஸ்ரீ இஸ்கண்டார் அல்லது போத்தா. பசியாற இங்கே நில்லுங்கள். போத்தாவில் பேராக் ஆற்றைக் கடப்பீர்கள். போத்தா கானானில் ஆற்று ஆமைகளைக் காக்கும் வனவிலங்கு மையம் இருக்கிறது. சிறு பிள்ளைகள் உடன் வந்தால் அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

3. காலை 9.45, சித்தியவான். 1903-இல் சீனாவின் பூச்சாவ் பகுதியிலிருந்து வந்தவர்கள் குடியேறி வளர்த்த ஊர். அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் கொம்பியா ரொட்டி இங்கே பெயர்பெற்றது. சிலவற்றில் பன்றிக் கொழுப்போ இறைச்சியோ சேர்ப்பார்கள் என்பதால் கேட்டு வாங்குங்கள். சைவம் சாப்பிடும் நாளாக இருந்தால் மதியச் சாப்பாட்டை இந்த ஊரிலேயே கட்டி வாங்கிக்கொள்வது நல்லது. கடற்கரைக் கடைகளில் மீன்தான் முதலிடம்.

4. காலை 10.30, லுமுட். இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: தீவா, கரையா? இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டும் அரைகுறையாகும்.

*தீவு என்றால்:* காரைப் படகுத்துறைக்கு அருகில் கட்டண நிறுத்துமிடத்தில் விடுங்கள். பயணிகள் படகில் கார் ஏறாது. பங்கோருக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். தீவில் வாடகை வேனோ மோட்டார் சைக்கிளோ கிடைக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சுங்கை பினாங் கெச்சிலில் கடலோரமாக நிற்கும் பத்திரகாளியம்மன் கோயில். மற்றொன்று, தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர்கள் ஈய வணிகத்துக்காக 1670-இல் கட்டிய கோட்டை. பேராக்கில் ஆங்கிலேயர் ஆட்சிக்குக் கதவைத் திறந்த பங்கோர் உடன்படிக்கை 1874 ஜனவரி 20-இல் கையெழுத்தானதும் இந்தத் தீவின் பெயரில்தான். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைப் போகும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய படகில் ஏறத் திட்டமிடுங்கள்.

*கரை என்றால்:* லுமுட்டிலிருந்து சில நிமிடங்களில் தெலுக் பாத்தேக். நீர் ஏற்றத்தில் குளிக்கலாம். வற்றத்தில் மணல் விரியும். சிறு பிள்ளைகள் விளையாட அதுதான் தோதான நேரம். குரங்குகள் வரும். உணவுப் பையை வெளியே வைக்காதீர்கள், காரின் கண்ணாடியைத் திறந்து விட்டுப் போகாதீர்கள்.

5. மாலை, அஸ்தமனம். மேற்குக் கரை என்பதால் சூரியன் கடற்பக்கமே இறங்கும். ஆண்டு முழுவதும் 7.00 மணிக்கும் 7.40 மணிக்கும் இடையே அஸ்தமனம் நடக்கும். நவம்பரில் சீக்கிரம், ஜூலையில் தாமதம். 6.30-க்கே இடம் பிடித்து உட்காருங்கள். இரவு லுமுட் அல்லது தெலுக் பாத்தேக்கில் தங்கல்.

> குறிப்பு: ஈரத் துணியோடு காரில் ஏறினால் இருக்கையில் உப்புக் கறை படியும். ஐந்து லிட்டர் நன்னீர்ப் புட்டி ஒன்றும் பழைய துண்டு இரண்டும் பின்பெட்டியில் இருக்கட்டும்.

## இரண்டாம் நாள்: லுமுட் முதல் செமோர் வரை (ஏறத்தாழ 200 கி.மீ.)

1. காலை 8.00, டிண்டிங் ஆற்றுப் பாலம். ராஜா பெர்மைசூரி பைனுன் பாலத்தைக் கடந்து செகாரி பக்கம் போங்கள். பாலத்திலிருந்து ஆற்று முகமும் கடலும் தெரியும். படம் எடுக்கப் பாலத்தில் காரை நிறுத்தக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஓடும் காரிலிருந்தே எடுக்கட்டும்.

2. காலை 8.45, செகாரி. பாசிர் பாஞ்சாங் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. மீன்வளத் துறையின் ஆமைக் காப்பகம் இங்கே உண்டு. திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

3. காலை 10.30, பந்தாய் ரெமிஸ். மீன்பிடி ஊர். கடலுணவை இங்கே சாப்பிடலாம், அல்லது வாங்கிப் பனிக்கட்டிப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். எடை போடும் முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள். 1993 அக்டோபர் 21-இல் இவ்வூருக்கு அருகில், கைவிடப்பட்ட திறந்தவெளி ஈயச் சுரங்கம் ஒன்றின் கடலோரக் கரை இடிந்து கடல் உள்ளே புகுந்தது. சுரங்கம் இருந்த இடம் இன்று ஒரு சிறு குடா. ஈய லம்பங்களுக்கு நடுவே வளர்ந்த கிந்தாக்காரர்கள் குட்டைக் கரைகளைச் சாதாரணமாக நினைப்பது வழக்கம். பழைய சுரங்கக் கரையின் ஓரத்துக்குப் போய் நிற்க வேண்டாம்.

4. நண்பகல், துரோங் வழியாகச் சங்காட் ஜெரிங். இந்தத் துண்டில் கடல் தெரியாது. செம்பனையும் கம்பங்களும்தான். ஓட்டுபவரை மாற்ற இது நல்ல இடம். மேற்குக் கரை விரைவுச்சாலையில் ஏறினால் நேரம் மிச்சமாகும், நிறுத்தங்கள் போய்விடும். மழை பிடித்துக்கொண்டால் மட்டும் ஏறுங்கள்.

5. பிற்பகல் 1.30, மாத்தாங் சதுப்புநிலக் காடு. சுமார் 40,000 ஹெக்டேர் பரப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டு மரம் வெட்டி, திரும்ப வளர்த்து நிர்வகிக்கப்படும் காடு. ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி வெட்ட 30 ஆண்டு காத்திருப்பார்கள். வனத்துறை அலுவலகப் பகுதியில் மரப்பலகை நடைபாதை உண்டு. தொப்பி, தண்ணீர், கொசு மருந்து மூன்றும் வேண்டும்.

6. பிற்பகல் 2.30, கரிச் சூளைகள். கோல செபெத்தாங்குக்குச் சற்று முன்பே வரும். காட்டு மரத்தைப் படகில் ஏற்றி, நீர் ஏற்றத்தில் கால்வாய் வழியாகச் சூளை வாசல் வரை கொண்டுவருவார்கள். உங்கள் வருகை ஏற்ற நேரத்தோடு பொருந்தினால் மரம் இறக்கும் வேலையையும் பார்க்கலாம். ஒரு சூளை கரியாகி ஆறி முடியச் சுமார் ஒரு மாதம் ஆகும். உள்ளே போகும் முன் அனுமதி கேளுங்கள். கட்டையைத் தள்ளிக்கொண்டு வரும் தொழிலாளர் பாதையில் நிற்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் புகைப் பக்கம் போக வேண்டாம்.

7. பிற்பகல் 3.30, கோல செபெத்தாங். இதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-இல் தைப்பிங்குக்கும் இந்தத் துறைக்கும் இடையே திறக்கப்பட்டது. சுமார் 13 கி.மீ. நீளம். பாதையைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து அழைத்துவரப்பட்ட பயனியர் படையினர். தண்டவாளம் இப்போது இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை இருக்கிறது. மற்ற எழுத்துகளோடு தமிழிலும் ஊர்ப் பெயரைக் காணலாம். ஆற்றுப் படகுச் சவாரிக்குப் போகும் முன் நீர்மட்டம் எப்படி என்று படகோட்டியிடம் கேளுங்கள். மிதவை உடுப்பு தராத படகில் ஏறாதீர்கள்.

8. மாலை 5.00, தைப்பிங். ஏரிப் பூங்கா, செண்டோல், 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம். நாட்டிலேயே அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று. குடை கையில் இருக்கட்டும்.

இங்கே இரண்டாவது முடிவு. மின்மினி பார்க்க வேண்டுமானால் இருட்டியபின் கோல செபெத்தாங் பக்கம் திரும்பிப் போய்ப் படகு ஏற வேண்டும். அன்றிரவு தைப்பிங்கில் தங்குங்கள். இல்லையென்றால் 5.45-க்கே கிளம்பிவிடுங்கள்.

9. வீடு திரும்புதல். கோலகங்சார், சாலாக் உத்தாரா, சுங்கை சிப்புட் வழியாகப் பழைய ஒன்றாம் எண் சாலையில் வந்தால் நேராகச் செமோரிலேயே இறங்கலாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வந்தால் மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி ஈப்போ வரை இறங்கி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். வெளிச்சம் மிச்சமிருந்தால் கோலகங்சாரில் ஒரு நிறுத்தம்: 1877-இல் அங்கே ரப்பர் கன்றுகள் நட்ட காலத்தை நினைவூட்டும் மிகப் பழைய ரப்பர் மரம் நிற்கிறது. பால் வெட்டிப் பிழைத்த குடும்பத்துப் பாட்டி உடன் வந்தால் இதைத் தவறவிடாதீர்கள்.

## ஒரே நாள்தான் இருக்கிறதா?

வட்டத்தை முடிக்க முயலாதீர்கள். பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

- தெற்குப் பாதி: செமோர், சித்தியவான், லுமுட், தெலுக் பாத்தேக், வந்த வழியே திரும்புதல். பிள்ளைகளுக்கு ஏற்றது.
- வடக்குப் பாதி: செமோர், கோலகங்சார், தைப்பிங், மாத்தாங், கோல செபெத்தாங், திரும்புதல். முதியவர்களுக்கு ஏற்றது, நடை குறைவு, நிழல் அதிகம்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. தவறான பந்தாய் ரெமிஸ். சிலாங்கூரில் ஜெராம் பக்கத்திலும் அதே பெயரில் ஒரு கடற்கரை உண்டு. வரைபடத்தில் "பேராக்" என்று இருப்பதை உறுதிசெய்த பிறகே கிளம்புங்கள்.
2. கடைசி ஊரை மட்டும் தட்டுவது. லுமுட்டில் நின்றுகொண்டு "கோல செபெத்தாங்" என்று மட்டும் போட்டால் கைப்பேசி விரைவுச்சாலைக்குத் தள்ளிவிடலாம். செகாரி, பந்தாய் ரெமிஸ், துரோங் என்று நடு ஊர்களையும் சேருங்கள்.
3. இணையத்தை நம்பி இருப்பது. தோட்டப் பகுதிகளில் சில இடங்களில் இணைப்பு அறுந்துவிடும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.
4. டச் அண்ட் கோ அட்டையில் பணம் இல்லாமல் கிளம்புவது. பழைய சாலையில்தான் போவோம் என்றாலும் மழையோ அசதியோ நெடுஞ்சாலையில் ஏற்றிவிடும்.
5. நிறுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது. ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.
6. மீனைக் காலையிலேயே வாங்குவது. பனிக்கட்டி இல்லாவிட்டால் வீடு சேர்வதற்குள் கெட்டுவிடும்.

## பாதுகாப்பு

- சாலையில்: கூட்டரசுச் சாலையில் பொதுவாக 90 கி.மீ., நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேக வரம்பு. பெருநாள் காலத்தில் குறைப்பார்கள். பலகை சொல்வதே கடைசிச் சொல். இரட்டைக் கோட்டில் லாரியை முந்தாதீர்கள். செம்பனைப் பகுதிகளில் மாடுகள் சாலைக்கு வரும். அந்தி நேரத்தில் வேகத்தைக் குறையுங்கள்.
- மெனோரா இறக்கத்தில்: நெடுஞ்சாலையைத் தேர்ந்தால், சுரங்கப்பாதையை ஒட்டிய வளைவும் இறக்கமும் கவனம் கேட்பவை. கியரைக் குறைத்து இறங்குங்கள். பிரேக்கிலேயே காலை வைத்திருக்காதீர்கள். கனரக லாரிக்குப் பக்கவாட்டில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள்.
- காரினுள்: பின்னிருக்கையிலும் வார்ப்பட்டை கட்டாயம். குழந்தைக்குத் தனி இருக்கை பொருத்துங்கள், மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.
- நீரில்: ஆற்று முகங்களிலும் சதுப்புநில ஓடைகளிலும் முதலை உண்டு; அங்கே காலைக்கூட நனைக்க வேண்டாம். கடற்கரையில் எச்சரிக்கைக் கொடியைப் பாருங்கள். பிள்ளைகளோடு ஒரு பெரியவர் எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வற்றத்தில் சேற்றுப் படுகையில் இறங்காதீர்கள். கால் புதையும், நீர் திரும்பி ஏறுவது தெரியாது.
- வானிலை: பிற்பகலில் இடி மின்னல் வழக்கம். முழக்கம் கேட்டால் உடனே நீரைவிட்டுக் காருக்குள் போங்கள். கருமேகம் திரண்டிருந்தால் படகுச் சவாரியைக் கைவிடுங்கள்.
- அசதி: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நில்லுங்கள். தூக்கம் வந்தால் தே தாரேக் போதாது. பெட்ரோல் நிலையத்தில் இருபது நிமிடம் கண்ணயருங்கள்.
- அவசர எண்: 999.

## கிளம்பும் முன் இரவு

1. நான்கு டயர்களோடு ஸ்பேர் டயரிலும் காற்றைப் பாருங்கள்.
2. ஜாக்கி, முக்கோண எச்சரிக்கைப் பலகை, கைவிளக்கு இருக்கின்றனவா?
3. வைப்பர் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். தைப்பிங் மழையில் பழைய வைப்பர் உதவாது.
4. மருந்துப் பை: வழக்கமான மாத்திரைகள், வாந்தி மாத்திரை, பிளாஸ்திரி, கொசு மருந்து.
5. ஒரே தாளில் எழுதி முன்னால் ஒட்டுங்கள்: ஏற்ற வற்ற நேரம், கடைசிப் படகு நேரம், தங்கும் இடத்தின் எண்.
6. வீட்டில் இருப்பவர் ஒருவரிடம் அந்தத் தாளின் படத்தை அனுப்பிவிடுங்கள்.

## இதே முறையில் அடுத்த பயணம்

இந்த வட்டத்தை ஒருமுறை ஓட்டிவிட்டால் மற்றக் கரைத்துண்டுகளையும் நீங்களே வரைந்துகொள்ளலாம். தெற்கே போனால் தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரமும், அதைத் தாண்டி ஊத்தான் மெலிந்தாங்கும் பாகான் டத்தோவும் இருக்கின்றன. வடக்கே போனால் கோல கூலாவின் பறவைகள், கோல கூராவ், தஞ்சோங் பியாண்டாங். அங்கும் நடுமுள் சாலை உள்ளேதான் போகிறது. ஆகவே வேலை அதேதான்: முதலில் நிறுத்தம், அடுத்து நீர் நேரம், அதற்குப் பிறகே சாலை. கோல கூலாவுக்கு மட்டும் ஒரு திருத்தம். சேற்றுப் படுகையில் இரை தேடும் பறவைகளைப் பார்க்க, படகோட்டியிடம் பேசி வற்ற நேரத்தை ஒட்டிப் பயணத்தை அமையுங்கள். குடியேறிப் பறவைகள் வரும் செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுங்கள்.